தொழிற்சங்கம்: உலக வரலாறும் மலையக அனுபவமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில் தொழிற்சங்கம் என்றதும் மே தின ஊர்வலமும், தேர்தல் மேடையும், சம்பளப் பேச்சுவார்த்தையும் ஒரே படமாகவே பலருக்குத் தோன்றுகின்றன. உயர்தர மாணவர்களும், தோட்டக் கமிட்டிகளில் புதிதாகப் பொறுப்பேற்றவர்களும், கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே விடைகளுடன் தரப்படுகின்றன. எந்தச் சங்கத்துக்கும் ஆள் சேர்ப்பதற்காக இது எழுதப்படவில்லை. அதற்காக எழுதியவருக்குக் கருத்தே இல்லை என்று யாரும் எண்ண வேண்டியதுமில்லை.

தொழிற்சங்கம் என்று எதைச் சொல்கிறோம்?

ஒரே தொழிலில் அல்லது ஒரே தொழில்தருநரிடம் வேலை செய்பவர்கள், தனித்தனியாகக் கேட்டால் கிடைக்காத சம்பளத்தையும் வேலை நிபந்தனைகளையும் ஒன்றாகப் பேசிப் பெறுவதற்காகத் தங்கள் சொந்தச் சந்தாவில் நடத்தும் அமைப்பே தொழிற்சங்கம். தோட்டத்திலுள்ள மரண உதவிச் சங்கமும் கோயில் கமிட்டியும் நல்ல காரியங்களைச் செய்தாலும், நிர்வாகத்துடன் சம்பளம் பேச அவற்றுக்குச் சட்டத்தில் இடமில்லை. இலங்கையில் 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவு பெற்ற சங்கம் தொழில் பிணக்கின்போது எடுக்கும் நடவடிக்கைகளுக்காக அதன்மீது நட்ட ஈட்டு வழக்குத் தொடர முடியாதபடி அந்தச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது.

உலகில் தொழிற்சங்கங்கள் முதலில் எங்கே தோன்றின?

நவீன அர்த்தத்தில் இங்கிலாந்தில் தோன்றின எனலாம். நீராவி இயந்திரமும் ஆலைகளும் பெருகிய 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கைவினைஞர்களும் ஆலைத் தொழிலாளர்களும் இரகசியமாகக் கூடத் தொடங்கினார்கள். 1799, 1800 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அவ்வாறு கூடுவதையே குற்றமாக்கின. அந்தத் தடை 1824இல் நீங்கிய பின்னரும், 1834இல் டோல்படில் என்ற கிராமத்தின் விவசாயக் கூலிகள் ஆறு பேர், சங்கம் அமைக்க இரகசியச் சத்தியம் செய்தார்கள் என்ற காரணத்துக்காக அவுஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். மக்கள் எதிர்ப்பினால் இரண்டு ஆண்டுகளில் மன்னிப்பு வழங்கப்பட்டது. பிரித்தானியத் தொழிற்சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் 1871இல் கிடைத்தது. பிரான்சில் 1791இல் விதிக்கப்பட்ட தடை 1884இல்தான் முழுமையாக நீங்கியது. அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலை நாளைக் கோரி 1886 மே மாதத்தில் நடந்த போராட்டமும், சிக்காகோ ஹேமார்க்கெட் சதுக்கத்தில் சிந்திய இரத்தமும் மே தினத்துக்குக் காரணமாயின; ஆயினும் தனியார் துறைத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்துக் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையை அந்நாட்டுச் சட்டம் உறுதி செய்தது 1935இல்தான்.

அந்த 1935 நமக்கும் முக்கியமான ஆண்டு. இலங்கையின் தொழிற்சங்கச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. ஆக, சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் நாம் உலகத்துக்குப் பெரிதாகப் பின்தங்கியிருக்கவில்லை. அந்தச் சட்டம் தோட்டத்து இரும்புக் கேற்றைத் தாண்டி உள்ளே வருவதற்கு எடுத்த காலம் வேறு கதை.

தமிழகத்தில் இந்த இயக்கம் எப்போது தொடங்கியது?

தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் 1908ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை வ.உ.சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்தினார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பொதுவாகக் குறிப்பிடப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம், பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரல் 27 அன்று உருவானது. பி.பி.வாடியாவுடன் திரு.வி.க. அதில் முன்னணியில் நின்றார். அந்தச் சங்கத்தின் தலைவர்கள்மீது ஆலை முதலாளிகள் நீதிமன்றத் தடை வாங்கிய அனுபவமே 1926ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிகாட்டியது.

இலங்கையில் முதல் சங்கம் எது?

கொழும்பில் 1893இல் வேலைநிறுத்தம் செய்த அச்சகத் தொழிலாளர்கள் அமைத்த சங்கமே முதல் சங்கமாகக் கருதப்படுகிறது. அதன் பின் 1906இல் வண்டிக்காரர்களும் 1912இல் ரயில்வேத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏ.ஈ.குணசிங்ஹ 1922இல் அமைத்த இலங்கைத் தொழிலாளர் சங்கமும், 1923இன் பொது வேலைநிறுத்தமும், 1929இன் டிராம் வண்டி வேலைநிறுத்தமும் கொழும்பு நகரத் தொழிலாளர்களை ஒரு சக்தியாக்கின. இவை அனைத்தும் நகரத்துச் சம்பவங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தோட்டங்களுக்குச் சங்கம் வர ஏன் இவ்வளவு காலம் பிடித்தது?

கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியது 1820களில். தோட்டத்துரைமார் (தோட்ட உரிமையாளர்களும் நிர்வாகிகளும்) தமக்கென ஒரு சங்கத்தை 1854இலேயே அமைத்துக்கொண்டார்கள்; தோட்டத் தொழிலாளிக்கு அது 1931இல்தான் வாய்த்தது. இடைப்பட்ட காலத்தை விளங்கிக்கொள்ளாமல் மலையகத் தொழிற்சங்கத்தின் குணத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

முதற் காரணம் கங்காணி முறை. ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்தவரும், முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கியவரும், மலையில் வேலை வாங்கியவரும், துரையிடம் பேசியவரும் ஒரே ஆளாக இருந்தார். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் பெரிய கங்காணிக்குச் சில சதங்கள் கிடைத்தன. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவருடைய கடன் தொகை எழுதப்பட்ட ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனை அடைத்து ஆட்களை எடுத்துக்கொண்டது. இந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுப் போனவரைச் சிறையில் போடும் ஏற்பாடும் அந்தக் காலம் வரை நீடித்தது.

இரண்டாவது காரணம் நிலம். லயமும் (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்), பாதையும், பீலித் தண்ணீரும், கோயிலும் தோட்டத்துக்குச் சொந்தமாக இருந்தபடியால் வெளியார் எவரும் தோட்டத்துக்குள் வந்து கூட்டம் போட்டால் அது அத்துமீறலாகியது. கோ.நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் சென்று நிலைமையை அறிந்தார் என்று இன்றும் சொல்லப்படுவதற்கு இதுவே பின்னணி. தஞ்சாவூரிலிருந்து வந்து பத்திரிகையாசிரியராகவும் சட்டசபை உறுப்பினராகவும் இருந்த அவர், 1931இல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை பாட்டெழுதி மேடைகளில் பாடி, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களிடமும் அந்தச் செய்தியைக் கொண்டு சேர்த்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் பெண்ணின் குரல் முதல் நாளிலேயே இருந்தது. தலைமைப் பொறுப்புகளில் அது பின்னர் எங்கே போனது என்பது கீழே வரும் கேள்வியொன்றுக்கு உரியது.

முல்லோயாவில் என்ன நடந்தது?

ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வும் சங்க உரிமையும் கோரி நடந்த வேலைநிறுத்தத்தின்போது, 1940 ஜனவரி 10 அன்று பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். விசாரணை ஆணைக்குழுவின்முன் அவருடைய மனைவிக்காக லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார். அதே ஆண்டில் வேவெஸ்ஸ உட்பட ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் பரவின. அவற்றின் அழுத்தத்தால் தோட்டத்துரைமாரும் சங்கங்களும் ஏழு அம்ச உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டார்கள். சங்கம் அமைக்கவும் தோட்டத்தில் கூட்டம் நடத்தவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்பதைத் துரைமார் முதன்முறையாக எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். நேருவின் வருகையையொட்டி 1939இல் உருவான இலங்கை இந்தியன் காங்கிரஸ் தனது தொழிற்சங்கத்தை 1940இல் அமைத்தது. அதுவே பின்னர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது.

பிற நாடுகளில் சங்கமும் கட்சியும் தனித்தனியாக இருக்க, மலையகத்தில் மட்டும் ஏன் ஒன்றாகிவிட்டன?

பிற நாடுகளிலும் அவை முழுக்கத் தனித்தனியாக இல்லை. பிரித்தானியத் தொழிற்கட்சியை உருவாக்கியதில் பெரும்பங்கு சங்கங்களுடையது. தென்னாபிரிக்காவில் 1985இல் உருவான கொசாட்டு என்ற தொழிற்சங்கச் சம்மேளனம் நிறவெறி ஆட்சியை எதிர்த்த இயக்கத்தின் முதுகெலும்பாக நின்றது. போலந்தில் 1980இல் கப்பல் கட்டும் தளமொன்றில் தொடங்கிய சொலிடாரிட்டி, ஏறக்குறைய ஒரு கோடி அங்கத்தவரைச் சேர்த்து, ஆட்சியையே மாற்றியது. வாக்கோ பேச்சுரிமையோ இல்லாத இடத்தில் சங்கம் அரசியலைச் சுமப்பது உலக வழக்கம்.

நம் விடயத்தில் அந்தச் சுமை அளவுக்கு மீறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. பாராளுமன்றத்தில் ஆளில்லை, கிராம சபையில் இடமில்லை, அரச அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் ‘நீங்கள் இந்நாட்டவரல்ல’ என்றார்கள். எஞ்சியிருந்த ஒரே பதிவு செய்யப்பட்ட அமைப்பு தொழிற்சங்கம். ஆகவே சம்பளத்தோடு சேர்த்து, பிறப்புச் சான்றிதழுக்கும், பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கும், லயத்துக் கூரைத் தகரத்துக்கும், பொலிஸ் முறைப்பாட்டுக்கும் மக்கள் மாவட்டக் காரியாலயத்து வாசலிலேயே நின்றார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டபோது, எந்தப் படிவத்தை நிரப்புவது என்று கேட்டு அவர்கள் போனதும் அங்கேதான். எண்பதுகளின் பிற்பகுதியில் நாடற்றவர் பிரச்சினை தீரத் தொடங்கி, 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு அது முடிவுக்கு வந்தது.

அந்தக் காலத்தில் ஒரு சமூகம் சிதறாமல் நின்றதற்குச் சங்கமே முக்கியக் காரணம். இதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் அந்த ஏற்பாட்டில் தலைவர் கொடுப்பவராகவும் அங்கத்தவர் கேட்பவராகவும் பழகிப்போனார்கள். குடியுரிமை கிடைத்த பின்னரும் அந்தப் பழக்கம் மாறவில்லை. இன்றைய பலவீனங்களில் பாதிக்கு மேற்பட்டவை அங்கிருந்தே வருகின்றன என்பது இந்தப் பக்கத்தை எழுதியவரின் கணிப்பு.

சங்கத் தலைவரே அமைச்சராக இருப்பது சரியா?

இதற்குச் சட்டத்தில் தடையில்லை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978இல் அமைச்சரவையில் சேர்ந்தபோது பெரும்பாலான தோட்டங்கள் அரசாங்கத்திடம் இருந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் அவற்றைக் கம்பனிகளிடமிருந்து எடுத்திருந்தது. அதாவது தொழில்தருநராகிய அரசாங்கத்தின் அமைச்சரவையில் தொழிலாளரின் தலைவரும் உட்கார்ந்திருந்தார். இதனால் சங்கம் செத்துப்போகும் என்று எதிர்பார்த்தவர்களை 1984 ஏப்ரல் வேலைநிறுத்தம் பொய்யாக்கியது. அமைச்சரின் சங்கமே அரசுத் தோட்டங்களை நிறுத்தியது. சம்பளம் உயர்ந்ததோடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பதும் அதன் பின் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய ஏற்பாடு ஒரு பலமான தலைவரின் காலத்தில் பலன் தரலாம். வழமையாகிவிட்டால், அரசாங்கத்தில் இருக்கும் சங்கம் போராட மாட்டாது, எதிர்க்கட்சியில் இருக்கும் சங்கம் மட்டும் போராடும் என்ற நிலை வருகிறது. அதைப் பல தடவை பார்த்துவிட்டோம்.

ஏன் இத்தனை சங்கங்கள்?

ஏழு பேர் போதும் என்ற சட்டம் ஒரு காரணம். கட்சிக்கொரு சங்கம் என்ற பழக்கம் இன்னொன்று. ஏ.அஸீஸ் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸிலிருந்து பிரிந்து சென்று 1956இல் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தார். வி.கே.வெள்ளையன் 1965இல் தொழிலாளர் தேசிய சங்கத்தைத் தொடங்கினார். இடதுசாரிகளுக்குச் செங்கொடிச் சங்கம் இருந்தது; ஐக்கிய தேசியக் கட்சி சார்பில் இலங்கைத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வளர்ந்தது. பிரிவுகள் அனைத்தும் பதவி ஆசையால் வந்தவை என்று சொல்வது நியாயமல்ல. கொள்கை, சாதி, பிரதேசம், தனிப்பட்ட அவமானம் என எல்லாம் கலந்தே இருந்தன. பயன் என்னவோ ஒன்றுதான்: ஒரே லயத்தில் நான்கு காம்பிராக்களில் நான்கு சங்கங்கள் இருக்க, நிர்வாகம் ஒன்றாகவே இருக்கிறது. முதலாளிகளின் சம்மேளனம் பிரிந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

கூட்டு ஒப்பந்தம் என்பது என்ன? இப்போது அது நடைமுறையில் உள்ளதா?

அரசுத் தோட்டங்கள் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்ற பிறகு, கம்பனிகள் சார்பில் முதலாளிமார் சம்மேளனமும், தொழிலாளர் சார்பில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கைத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி ஆகிய மூன்று தரப்புகளும் கையெழுத்திட்ட உடன்படிக்கையே கூட்டு ஒப்பந்தம். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அது புதுப்பிக்கப்பட்டது. 2016இல் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாயாகி, வரவுக் கொடுப்பனவு, உற்பத்திக் கொடுப்பனவு முதலியன சேர்ந்து மொத்தம் 730 ரூபாயாக எழுதப்பட்டது. எழுதப்பட்டது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. குறித்த வீத நாட்கள் வேலைக்கு வராவிட்டாலும், குறித்த கிலோ கொழுந்து எடுக்காவிட்டாலும் அந்தத் தொகை கைக்கு வராது.

நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்ற கோரிக்கை 2015இலிருந்தே ஒலித்தது. 2018 ஒக்டோபர் 24 அன்று, மலையகத்தைப் பூர்வீகமாகக் கொண்ட இளைஞர்கள் சமூக வலைத்தளங்களில் அழைப்பு விடுத்து, கறுப்பு உடையுடன் கொழும்பு காலிமுகத்திடலில் கூடினார்கள். எந்தச் சங்கத்தின் பெயரிலும் அது நடக்கவில்லை; பழைய சங்கங்கள் அந்த நாளை இன்னும் போதிய அளவு யோசித்துப் பார்க்கவில்லை. 2019 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தம் அடிப்படை 700 ரூபாயோடும் மேலதிகமாக 50 ரூபாயோடும் நின்றது.

அதன் பிறகு அரசாங்கம் சம்பளச் சபையின் ஊடாக 2021 மார்ச்சில் 900 ரூபாய் சம்பளமும் 100 ரூபாய் வரவு செலவுக் கொடுப்பனவுமாக 1,000 ரூபாயை வர்த்தமானியில் அறிவித்தது. கூட்டு ஒப்பந்தம் அத்துடன் வழக்கொழிந்தது. 2024இல் 1,700 ரூபாயை அறிவித்த வர்த்தமானிக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் 1,350 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம், அடிப்படையை 1,550 ரூபாயாக்கி, அரசாங்கத்தின் பணத்தில் 200 ரூபாய் வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபாய் என்று முன்மொழிந்தது.

சம்பளச் சபை நிர்ணயித்தால் தொழிலாளிக்கு நல்லதா, ஒப்பந்தம் நல்லதா?

சம்பளச் சபை குறைந்தபட்சத்தை மட்டுமே சொல்லும். ஒப்பந்தத்தில் சம்பளத்தோடு வேலை அளவு, ஒழுங்கு விசாரணை, தலைவர்களுக்குரிய சலுகைகள், பிணக்குத் தீர்க்கும் முறை ஆகியவையும் இருந்தன. 1,000 ரூபாய் வந்ததும் பல தோட்டங்களில் கொழுந்தின் அளவு உயர்த்தப்பட்டது. அதைத் தடுக்கக்கூடிய எழுத்து ஆவணம் சங்கங்களின் கையில் இருக்கவில்லை. தொகை உயர்ந்ததைக் கொண்டாடிய மேடைகளில் இந்த இழப்பு பேசப்படவே இல்லை. ஒப்பந்தம் குறைபாடுள்ளதாக இருந்ததால் அதைத் திருத்த வேண்டியிருந்தது என்பது உண்மை. அது இல்லாமற்போனது தொழிலாளிக்கு இலாபமாகவில்லை.

சம்பளத்தைப் பேசுவது கொழும்பில் நடக்கிறது. தோட்டத்துச் சங்கத்துக்கு வேறென்ன வேலை?

உண்மையான வேலை முழுவதும் தோட்டத்தில்தான் இருக்கிறது. கொழுந்து நிறுவையை எடுத்துக்கொள்வோம். காலையில் பிரட்டுக்களத்தில் பேர் பதிந்து மலைக்குப் போகும் பெண், நாளில் மூன்று முறை கொழுந்தைத் தராசில் தூக்குகிறார். ஈரம், காம்பு, சாக்கின் எடை என்று ஒவ்வொரு நிறுவையிலும் ஏதோ ஒரு கணக்கில் கழிக்கப்படுகிறது. நாளுக்கு எடுக்க வேண்டிய அளவு 18 கிலோ என்று வைத்த தோட்டத்தில், 19 கிலோ எடுத்த பெண்ணின் கணக்கு கழிவுக்குப் பின் 17 கிலோவாகப் பதியப்பட்டால் அவருக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடப்படுகிறது. 1,350 ரூபாய்ச் சம்பளத்தில் அரைப் பேர் என்றால் 675 ரூபாய் போயிற்று. பல ஆண்டுப் போராட்டத்தில் நாட்சம்பளத்துக்குக் கிடைத்த உயர்வு முழுவதும், கொழுந்து மடுவத்தில் இரண்டு கிலோவில் திரும்பிப் போய்விடுகிறது.

தராசுக்குப் பக்கத்தில் நின்று, நிறுத்த கிலோவையும் பதிந்த கிலோவையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்து, மாத முடிவில் சம்பளத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் தோட்டத் தலைவி ஒருவர் இருந்தால், துரையின் மேசையில் வைக்க ஆதாரம் இருக்கும். அப்படிச் செய்யும் தலைவிகள் இருக்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டப்படுகிறதா, ஓய்வு பெற்றவருக்குச் சேவைக்காலப் பணிக்கொடை உரிய காலத்தில் கிடைக்கிறதா, மருந்து தெளிப்பவருக்குப் பாதுகாப்பு அங்கி உண்டா என்பனவும் இதே வகையைச் சேர்ந்தவை.

கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சங்கத் தலைமையில் அவர்கள் ஏன் இல்லை?

1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளத்தில் உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் என்று சட்டமே எழுதியிருந்தது. அந்த வேறுபாடு நீங்க 55 ஆண்டுகள் சென்றன. தலைமையில் உள்ள வேறுபாடு இன்னும் நீங்கவில்லை. மாதர் சங்கத் தலைவி என்ற பதவியைக் கொடுத்துவிட்டுப் பேச்சுவார்த்தை மேசைக்கு ஆண்களை அனுப்புவதே வழக்கம். மாலை ஆறு மணிக்குப் பின் நகரத்தில் நடக்கும் கூட்டத்துக்கு, மலையிலிருந்து இறங்கி வந்து அடுப்பு மூட்ட வேண்டிய பெண் எப்படிப் போவார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

கேரளத்தின் மூணாறில் 2015 செப்டெம்பரில் நடந்ததை நம் சங்கங்கள் கவனித்திருக்க வேண்டும். போனஸ் 20 வீதத்திலிருந்து 10 வீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான தேயிலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வீதியில் அமர்ந்தார்கள். கம்பனியோடு சேர்ந்துகொண்டார்கள் என்று சொல்லித் தங்கள் சங்கத் தலைவர்களையே கிட்ட வர விடவில்லை. ‘பொம்பிளை ஒருமை’ என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டம் ஒன்பது நாட்களில் 20 வீதத்தைப் பெற்றது. அமைப்பாக நீடிப்பதில் பின்னர் அவர்களுக்குப் பிளவுகளும் சிரமங்களும் வந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உலகெங்கும் சங்கங்கள் பலவீனமடைந்துவிட்டன என்கிறார்களே?

பொதுவாக உண்மை, எல்லா இடத்துக்கும் அல்ல. அமெரிக்காவில் 1950களில் தொழிலாளரில் மூன்றில் ஒரு பங்கினர் சங்கங்களில் இருந்தார்கள். இன்று பத்தில் ஒருவர். 1981இல் வேலைநிறுத்தம் செய்த விமானக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000க்கும் மேற்பட்டோரை ரீகன் வேலைநீக்கம் செய்தார். 1984–85இல் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளரின் ஓராண்டு வேலைநிறுத்தம் தோற்றது. இலங்கையில் அதற்கு முன்பே, 1980 ஜூலைப் பொது வேலைநிறுத்தத்தில் பங்கேற்ற ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தார்கள். இவை அரசாங்கங்கள் கொடுத்த அடிகள். உற்பத்தி குறைந்த சம்பளமுள்ள நாடுகளுக்கு நகர்ந்ததும், பெரிய ஆலைகள் சிறு ஒப்பந்தக்காரர்களாக உடைந்ததும் அதைவிட ஆழமாகப் பாதித்தன. பங்களாதேஷில் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்த ராணா பிளாசாக் கட்டடத்தில் 1,134 பேர் மாண்டார்கள். சுவர் வெடித்திருக்கிறது என்று தெரிந்தும் தொழிலாளர்களை உள்ளே அனுப்பினார்கள். போக மாட்டோம் என்று அவர்களுக்காகச் சொல்ல அங்கே சங்கம் இருக்கவில்லை.

மறுபக்கத்தில் சுவீடனில் தொழிலாளரில் மூன்றில் இரண்டு பங்கினர் இன்றும் அங்கத்தவர்கள். அங்கே வேலையில்லாக் காலக் காப்புறுதி நிதிகளைச் சங்கங்களோடு இணைந்த அமைப்புகள் நடத்துவதும் அதற்கொரு காரணம். பிரான்சில் அங்கத்துவம் பத்து வீதம் அளவில் இருந்தும், சங்கங்கள் பேசிய ஒப்பந்தங்கள் தொண்ணூறு வீதத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைக் காக்கின்றன. அங்கே ஒரு துறைக்குச் செய்த ஒப்பந்தத்தை அரசாங்கம் அந்தத் துறை முழுவதற்கும் விரிவாக்குகிறது. அங்கத்தவரை எண்ணிச் சண்டை பிடிக்கும் நம் சங்கங்கள் இதை ஒரு தரம் யோசிக்கலாம்.

வெளியார் உற்பத்தி முறை வந்தால் சங்கத்தின் நிலை என்ன?

தேயிலை மலையின் ஒரு பகுதியைக் குடும்பமொன்றுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ விலையில் கம்பனியே வாங்கும் முறை இது. வருமானம் கூடிய குடும்பங்களும் உண்டு. ஆனால் காகிதத்தில் அவர் தொழிலாளியாக இராமல் ‘உற்பத்தியாளர்’ ஆகிவிடுவதால், சேமலாப நிதி, பணிக்கொடை, சம்பளச் சபைத் தீர்மானம் எல்லாம் கேள்விக்குறியாகின்றன. காணி உறுதியும் அவர் பெயரில் இல்லை. செயலியில் வாடகைக் கார் ஓட்டுபவரைச் ‘சுயதொழில் செய்பவர்’ என்று கம்பனி சொல்வதும் இதே வாதம்தான். 2021இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஊபர் சாரதிகளைத் தொழிலாளர் என்றே தீர்ப்பளித்தது. நம் சங்கங்கள் இந்த முறையை முற்றாக எதிர்ப்பதா, அல்லது கிலோ விலையையும் காணி உரிமையையும் பேசும் அமைப்பாக மாறுவதா என்று தீர்மானிக்க வேண்டும். கம்பனிகள் பொறுப்பேற்ற காலத்தில் மூன்று இலட்சத்துக்கு மேல் இருந்த பதிவுத் தொழிலாளர் தொகை ஒன்றரை இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்ட நிலையில், இந்தத் தீர்மானத்தைத் தள்ளிப்போட அதிக காலமில்லை.

நான் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறேன். எனக்குச் சங்கம் உண்டா?

உண்டு. அரசியலமைப்பின் 14(1)(ஈ) உறுப்புரை தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமை தருகிறது. அதில் தோட்டம், கடை, ஆடைத் தொழிற்சாலை என்ற பாகுபாடு கிடையாது. வீட்டுப் பணியாளர்களுக்கான சங்கமும் இலங்கையில் இருக்கிறது. நடைமுறையில் தோட்டத்தை விட்டு வெளியேறிய பிள்ளையை மலையகச் சங்கங்கள் தேர்தல் காலத்தில் மட்டும் தேடி வருகின்றன என்ற குறை நியாயமானது. தோட்டத்தில் பெற்றோருக்காகப் பேசும் சங்கம், அதே குடும்பத்தின் பிள்ளை புறக்கோட்டையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்வதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

சங்கத்தை மாற்றலாமா? சந்தாவை நிறுத்தலாமா?

இரண்டும் உங்கள் விருப்பம். சந்தா செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) கழிக்கப்படுவது உங்கள் எழுத்துச் சம்மதத்தின் பேரில்தான். விலகுவதாக நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அங்கத்தவர் என்ற முறையில் சங்கத்தின் வரவு செலவைக் கேட்கவும் உங்களுக்கு உரிமையுண்டு. பதிவு பெற்ற சங்கம் ஆண்டுதோறும் கணக்கறிக்கையைத் தொழிற்சங்கப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். மலையகத்தில் அங்கத்தவர் எவரும் கணக்குக் கேட்டதாக அடிக்கடி கேள்விப்படுவதில்லை.

சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையிலிருந்து நிறுத்தினால் என்ன செய்வது?

கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கான 1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தத்தின்படி, சங்கத்தில் சேர்ந்ததற்காக அல்லது சங்க வேலை செய்ததற்காக ஒருவரை வேலைநீக்கம் செய்வது நியாயமற்ற தொழில் நடைமுறை என்ற குற்றமாகும். வேலைத்தலத்தில் 40 வீதத்துக்குக் குறையாத அங்கத்தவரைக் கொண்ட சங்கத்துடன் பேச மறுப்பதையும் அதே திருத்தம் குற்றமாக்குகிறது. முதலில் நிறுத்தற் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்; வாய்மொழியாக நிறுத்தினால், என்ன திகதியில் யார் என்ன சொன்னார் என்று எழுதி, நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். வேலைநீக்கத்துக்கு எதிராகத் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதமே அவகாசம். சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருந்து அந்தக் காலத்தைத் தவறவிட்டவர்கள் பலர். ஆகவே விண்ணப்பம் கையளிக்கப்பட்டதா என்று சங்கக் காரியாலயத்தில் கேட்டு, பற்றுச்சீட்டின் பிரதியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.